40 எக்ஸில் எல்லாம் மங்கல்: கேமராவை மாற்றினால் சரியாகுமா?

#1 பாசிக்குளம்

வணக்கம். என்னிடம் இருப்பது இன்னொருவர் பல வருடம் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த சாதாரண உயிரியல் மைக்ராஸ்கோப். 4, 10, 40, 100 மடங்கு (எக்ஸ்) என நான்கு அப்ஜெக்டிவ், அதாவது ஸ்லைடுக்கு நேர் மேலே நிற்கும் லென்ஸ்கள். அடியில், ஒளியைக் குவித்து ஸ்லைடுக்கு அனுப்பும் அபே கண்டென்சர், அதில் திறந்து மூடும் ஐரிஸ் என்ற துளை, எல்இடி விளக்கு. குளத்து நீரைக் குழி ஸ்லைடில் விட்டு, மேலே கவர் ஸ்லிப் என்ற மெல்லிய தகட்டைப் போட்டுப் பார்க்கிறேன். 10 எக்ஸ் வரை பிரமாதம். 40 எக்ஸுக்குத் திருப்பியதும் எல்லாம் பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. ஃபைன் ஃபோகஸை எவ்வளவு திருகினாலும் விளிம்புகள் தெளியவில்லை.

படம் எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. போனை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) மேல் பிடித்தால் சுற்றிலும் கறுப்பு வளையம். கை லேசாக அசைந்தாலும் படமே காணாமல் போகிறது. ஐபீஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகும் 20 மெகாபிக்சல் யூஎஸ்பி கேமரா ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

#2 அடிவெளிச்சம்

வாங்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்கிறேன்.

கண்ணால் பார்க்கும்போதே 40 எக்ஸ் மங்கலாக இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் எந்தக் கேமராவும் அந்த மங்கலைத்தான் 20 மெகாபிக்சலில் பதிவு செய்யும். மைக்ராஸ்கோப் படம் உருவாவது ஸ்லைடுக்குக் கீழேயும் அப்ஜெக்டிவின் நுனியிலும்தான். கேமரா கடைசி ஆள்.

முதலில் 40 எக்ஸைக் கழற்றுங்கள். ஒரு ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி. அதன் வழியாக அப்ஜெக்டிவின் நுனி லென்ஸை, விளக்கு அதில் பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறத்தில் படலமோ பிசுக்கோ தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. 100 எக்ஸ், நுனிக்கும் ஸ்லைடுக்கும் இடையே ஆயில் விட்டுப் பார்ப்பதற்கானது. அப்படி ஆயில் விட்டு, அதே ஸ்லைடின் மேல் 40 எக்ஸைத் திருப்பினால் அதன் நுனி ஆயிலில் குளித்துவிடும். பழைய மைக்ராஸ்கோப்களில் 40 எக்ஸ் மங்கலாக இருப்பதற்கு இதைவிடப் பரவலான காரணத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம், நீங்கள் போடும் கவர் ஸ்லிப் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? அப்ஜெக்டிவின் உடம்பில் 160/0.17 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண் குழாய் நீளம், மி.மீ. கணக்கில். இரண்டாவது எண்தான் இங்கே முக்கியம்: 0.17 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி மேலே இருக்கும் என்று கணக்கிட்டே அந்த லென்ஸைச் செய்திருக்கிறார்கள். 4, 10 எக்ஸ் இதைப் பொருட்படுத்தாது. 40 எக்ஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ‘நம்பர் 1.5’ என்று விற்கும் கவர் ஸ்லிப் 0.16 முதல் 0.19 வரை இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

#3 சிலியாட்

குழி ஸ்லைடைச் சும்மா விட்டுவிட்டீர்களே! அதுவும் கூட்டாளிதான்.

குழிக்குள் உயிரிகள் ஆழத்தில் நீந்தும். கவர் ஸ்லிப்புக்குக் கீழே இருக்கும் நீரும் அப்ஜெக்டிவுக்குக் கூடுதல் தடிமன்தான். தட்டை ஸ்லைடுக்கு மாறுங்கள், துளியையும் குறையுங்கள். 18 மி.மீ. சதுரக் கவர் ஸ்லிப்புக்குக் கீழே 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் நீர் இருக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது 10 மைக்ரோலிட்டர் மட்டும். சாதாரணச் சொட்டுக்குழாயின் ஒரு சொட்டு அதைப்போல ஐந்து மடங்கு வரும். அதிகமானால் வடிதாளின் மூலையைக் கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் வைத்து உறிஞ்சிவிடுங்கள். நீர் மெலிய மெலிய ஓடுகிற ஆட்களும் நிதானத்துக்கு வருவார்கள். ரொம்பவும் உறிஞ்சினால் நசுங்கிவிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

#4 பாசிக்குளம்

அடிவெளிச்சம் சொன்னது அப்படியே இருக்கிறது. 40 எக்ஸ் நுனியில் காய்ந்த ஆயில், வட்டமாக. முன்பு வைத்திருந்தவரின் நினைவுச்சின்னம். கவர் ஸ்லிப்பும் பிளாஸ்டிக்தான், பெட்டியோடு வந்தது. கண்ணாடியில் வாங்கிவிடுகிறேன். லென்ஸை எதைக் கொண்டு துடைப்பது? சட்டைத்துணி கூடாது என்பது வரை தெரியும்.

#5 பழைய கண்ணாடி

முதலில் ஊதுங்கள். வாயால் வேண்டாம், எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பு ஊதியால் ஊதுங்கள். மணல்துகள் ஒன்று ஒட்டியிருக்கும்போது துடைத்தால் அந்தக் கோடு ஆயுளுக்கும் இருக்கும்.

பிறகு லென்ஸ் டிஷ்யூ. முகம் துடைக்கும் டிஷ்யூ அல்ல. டிஷ்யூவின் நுனியில் லென்ஸ் கிளீனரோ ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ ஒரு துளி விட்டு, ஈரமான இடம் லென்ஸ் மேல் படும்படி வைத்து ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். ஒரு முறை இழுத்த இடம் மறுபடி லென்ஸில் படக் கூடாது, புதுத் துண்டு எடுங்கள். காய்ந்த ஆயில் ஒரே இழுப்பில் போகாது, பொறுமை வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம். திரவத்தை நேரடியாக லென்ஸில் ஊற்றவே கூடாது, உள்ளே இறங்கினால் லென்ஸ்களை ஒட்டிவைத்திருக்கும் பசைக்கு ஆபத்து. அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். அப்ஜெக்டிவைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வந்தால் அன்றைக்கு மைக்ராஸ்கோப்பை மூடி வைத்துவிடுங்கள்.

#6 அடிவெளிச்சம்

லென்ஸ் சுத்தமான பிறகு கண்டென்சருக்கு வருவோம். புதிதாக வரும் பலர் அந்த ஐரிஸை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளிச்சத்துக்கு விளக்கின் குமிழ் இருக்கிறது. ஐரிஸ் வேறு வேலைக்கு.

அப்ஜெக்டிவ் எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதை உருப்பெருக்கம் தீர்மானிப்பதில்லை. அதன் மேல் 0.25, 0.65, 1.25 என்று எழுதியிருக்கும் என்.ஏ. என்ற எண்தான், அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை வாங்கும் என்பதன் அளவுதான் தீர்மானிக்கிறது. பச்சை ஒளியில், 0.65 உள்ள 40 எக்ஸ் சுமார் 0.52 மைக்ரான் இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும். ஆனால் அது கண்டென்சரும் அதே அளவு அகலமான ஒளிக்கூம்பைக் கொடுத்தால்தான். கண்டென்சர் ஐரிஸை 0.2 வரை மூடிவிட்டால் அதே அப்ஜெக்டிவ் 0.8 மைக்ரானுக்கு இறங்கிவிடும். படம் ‘பளிச்’ என்று தெரியும், கோடுகளெல்லாம் கறுப்பாக இருக்கும், ஆனால் அந்தக் கறுப்புக் கோடுகளில் பாதி, ஒளி விளிம்புகளில் வளைவதால் வரும் விளிம்புவிளைவு போட்ட கோலம்.

செய்ய வேண்டியது இது. ஸ்லைடை 10 எக்ஸில் ஃபோகஸ் செய்யுங்கள். பெரிய மைக்ராஸ்கோப்களில் விளக்கின் வாயில் இன்னொரு ஐரிஸ் இருக்கும். அதை மூடி, அதன் விளிம்பு ஸ்லைடோடு சேர்ந்து கூர்மையாகத் தெரியும்வரை கண்டென்சரை ஏற்றி இறக்குவார்கள். ஆகஸ்ட் கோலர் 1893-ல் சொல்லிக்கொடுத்த முறை. உங்களுடையதில் அந்த ஐரிஸ் இருக்காது. பரவாயில்லை, விளக்குக் கண்ணாடி மேல் ஒரு பென்சில் முனையை வையுங்கள். அதன் நிழல் கூர்மையாகும் உயரம்தான் கண்டென்சருக்கு உரிய இடம். பெரும்பாலும் மேலே முட்டுவதற்குச் சற்றுக் கீழே வரும். விளக்கு மேற்பரப்பின் சொரசொரப்பு பின்னணியில் தெரிந்தால் ஒரு மயிரிழை இறக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஐபீஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். ஒளிவட்டம் தெரியும். ஐரிஸை மூடினால் அதன் இதழ்கள் வட்டத்துக்குள் வரும். வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு திறந்திருக்கட்டும். அப்ஜெக்டிவ் மாற்றும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் குழாய்க்குள் பார்க்காமலே கை அந்த இடத்துக்குப் போய்விடும்.

இதற்கு விலக்கும் உண்டு. அமீபா மாதிரி கண்ணாடிபோல இருக்கும் உயிரிக்கு முக்கால் பங்கு திறந்தால் ஒன்றுமே தெரியாது. அப்போது இன்னும் மூடுவதில் தப்பில்லை. நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து கான்ட்ராஸ்ட் வாங்குகிறோம் என்று தெரிந்து மூடினால் சரி.

#7 பிக்சல்கணக்கு

அந்த 20 மெகாபிக்சலுக்கு வருகிறேன். கணக்கு எளிது.

ஐபீஸில் 18 என்று களஎண் (ஐபீஸுக்குள் தெரியும் பட வட்டத்தின் விட்டம், மி.மீ. கணக்கில்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 எக்ஸில் கண்ணுக்குத் தெரியும் வட்டம் 18-ஐ 40-ஆல் வகுத்தால் 0.45 மி.மீ. அப்ஜெக்டிவ் பிரிக்கும் எல்லை 0.52 மைக்ரான், அதற்குக் குறைந்தது இரண்டு பிக்சல். ஆக வட்டத்தின் குறுக்கே சுமார் 1,740 பிக்சல் போதும். முழு வட்டமும் அடங்கும் சதுரமே 3 மெகாபிக்சல்தான். 100 எக்ஸ் ஆயிலில் இன்னும் குறைவு, 2 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். அதிகம் கேட்பது 10 எக்ஸ்தான், சுமார் 7 மெகாபிக்சல். பெருக்கம் கூடக் கூடப் பிக்சல் தேவை குறைகிறது என்பது முதலில் கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் அப்படித்தான்.

எண்ணிக்கையைவிடச் சென்சாரின் அளவைப் பாருங்கள். 1/2.5 அங்குலம் என்று போட்டிருக்கும் சென்சாரின் உண்மையான அளவு சுமார் 5.8 × 4.3 மி.மீ. அப்ஜெக்டிவ் விரிக்கும் 18 மி.மீ. வட்டத்தில் நடுவில் ஒரு தபால்தலைதான் அதில் விழும். அதனால்தான் அந்தக் கேமராக்களோடு 0.5 எக்ஸ் குறைப்பு லென்ஸ் கொடுக்கிறார்கள். அது இல்லாமல் விற்றால் வாங்காதீர்கள். உங்கள் குழாயின் உள்விட்டம் 23.2 மி.மீ.யா 30 மி.மீ.யா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், இப்போது வரும் போன்களின் முதன்மைக் கேமரா இந்த மலிவு ஐபீஸ் கேமராக்களை நன்றாகவே தோற்கடிக்கிறது என்பதுதான் என் கருத்து.

#8 சிலியாட்

போன் என்றதும் நான் வந்தாக வேண்டும், என் படமெல்லாம் போனில்தான்.

படம் ஏன் காணாமல் போகிறது தெரியுமா? ஐபீஸுக்கு மேலே ஒளி ஒரு சின்ன வட்டமாகக் குவிந்து வெளியே வருகிறது. 400 மடங்குப் பெருக்கத்தில் அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 0.8 மி.மீ. போன் லென்ஸ் அந்த வட்டத்தின் மேல், அதே உயரத்தில் உட்கார வேண்டும். கையால் பிடித்துச் சாதிக்க முயல்வது வீண். ஐபீஸைக் கவ்விப் பிடிக்கும் போன் தாங்கி ஒன்று வாங்குங்கள், உலோகத்தில் இருந்தால் நல்லது. ஒரு வெள்ளைத்தாளை ஐபீஸ் மேல் உயர்த்திக்கொண்டே போனால் ஒளிவட்டம் மிகச் சிறியதாகி மறுபடி விரியும். சிறியதாகும் இடம்தான் லென்ஸ் நிற்க வேண்டிய உயரம்.

மூக்குக்கண்ணாடிப் படம் பொறித்த ஐபீஸ் இருந்தால் வேலை இன்னும் சுலபம், ஒளி சற்று உயரத்தில் வெளியே வரும். போனில் அகலக்கோண லென்ஸ் வேண்டாம், முதன்மை லென்ஸை வைத்து 2 எக்ஸ் வரை பெரிதாக்கினால் கறுப்பு வளையம் வெளியே போய்விடும். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். பின்னணி வெளுத்துவிட்டால் உயிரியின் மெல்லிய ஓரமும் அதோடு போய்விடும். திரையைத் தொட்டு எடுத்தால் அதிரும். இயர்போனின் ஒலிப் பொத்தானோ 2 வினாடி டைமரோ போதும்.

வீடியோவில் கிடைமட்டமாகப் பட்டைகள் ஓடினால் அது எல்இடி அணைந்து எரிவதால் வருவது. விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு ஷட்டரால் குறைத்துப் பாருங்கள். விளக்கு மின்னிணைப்பின் துடிப்போடு மினுக்கினால் ஷட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு 1/50 அல்லது 1/100 வினாடி, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/120 வினாடி.

#9 பழைய கண்ணாடி

ஐபீஸ் வழியாக எடுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. 160 மி.மீ. குழாய் கால அப்ஜெக்டிவ்களில் பல தயாரிப்பாளர்கள் நிறப்பிழையின் ஒரு பகுதியை ஐபீஸ் திருத்தட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். இரண்டும் ஜோடி. ஐபீஸைத் தூக்கிவிட்டுச் சென்சாரை வைத்தால் நடுவில் நன்றாக இருக்கும். ஓரத்துக்குப் போகப்போக ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் என்று கசியும்.

#10 பிக்சல்கணக்கு

உண்மைதான், ஆனால் எல்லா அப்ஜெக்டிவுக்கும் இல்லை. அப்ஜெக்டிவிலேயே முழுத் திருத்தமும் செய்த தயாரிப்புகளும் உண்டு. அவற்றோடு அந்தக் கால ஈடுசெய் ஐபீஸைப் போட்டால் இல்லாத நிறப்பிழையை நாமே உண்டாக்கியதாகிவிடும். ஜோடி பொருந்துகிறதா என்று பார்க்க, கூரான கறுப்பு விளிம்பு ஒன்றைப் பார்வையின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். நிறம் கசியவில்லை என்றால் பொருந்துகிறது. நேரடியாகச் சென்சாரில் விழவைப்பதை நான் விரும்பக் காரணம், இடையில் கண்ணாடிப்பரப்புகள் குறையும், தூசியும் குறையும்.

#11 பழைய கண்ணாடி

தூசி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதில் இல்லை. :)

#12 இறகுத்தூள்

நான் பூச்சி இறகு, மகரந்தம் மட்டும் எடுப்பவள். ஃபோகஸ் ஸ்டாக்கிங் பற்றி யாரும் பேசவில்லையே. பாசிக்குளம் எடுக்கும் படங்களில் ஒரு பாதி தெளிவு, மறுபாதி மங்கல் என்று வந்தால் அதுதானே தீர்வு?

ஒரே ஃபோகஸில் தெளிவாகத் தெரியும் தடிமன் 10 எக்ஸில் சுமார் 9 மைக்ரான், 40 எக்ஸில் 1.3 மைக்ரான். ஒரு மகரந்தத்தூள் 30 மைக்ரான் இருந்தாலே 40 எக்ஸில் ஒரே படத்தில் அடங்காது. அதனால் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபோகஸை நகர்த்திப் பல படம் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளில் சேர்க்கிறோம். பல மைக்ராஸ்கோப்களில் ஃபைன் ஃபோகஸ் குமிழின் ஒரு கோடு 2 மைக்ரான். ஆக 40 எக்ஸுக்கு அரைக்கோடு நகர்த்தல். எப்போதும் ஒரே திசையில் திருகுங்கள், திரும்பினால் பல்சக்கரத்தில் தளர்வு இருக்கும். ஹெலிக்கான் ஃபோகஸும் ஸெரீன் ஸ்டாக்கரும் காசுக்கு, பிக்கோலே இலவசம். தொடங்குவதற்குப் பிக்கோலே தாராளம்.

#13 சிலியாட்

இறகுத்தூள் அக்கா, உங்கள் இறகுகள் ஓடாது. என் ஆட்கள் அப்படியா? நீந்தும் பாரமீசியத்தை ஸ்டாக் செய்தால் இரண்டு வாயோடு ஒரு புதிய இனம் கிடைக்கும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உயிரோடு இருப்பவற்றுக்கு வீடியோதான். நிறைய ஓடவிட்டு, அது நின்று திரும்பும் நொடியில் இருக்கும் ஒரு நல்ல ஃப்ரேமை எடுங்கள். ஓட்டத்தைக் குறைக்க மெத்தில் செல்லுலோஸ் கரைசல் கலப்பார்கள், நீர் கெட்டியாகிவிடும். நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன், சிலியாக்களின் (நீந்த உதவும் நுண்மயிர்கள்) இயல்பான அசைவு போய்விடும். பாசி இழைகளை ஒரு சிட்டிகை பிய்த்து ஸ்லைடில் போட்டால் அதுவே வேலி. வார்டிசெல்லா மாதிரி காம்பில் நிற்பவற்றைத் தேடினால் ஓட்டப்பந்தயமே வேண்டாம். டக்வீட் என்ற, நீரில் மிதக்கும் குட்டித் தாவரத்தின் வேர்களில் தேடுங்கள். மாஸ் என்ற, பச்சை மெத்தை போல வளரும் சிறு தாவரத்தைச் சில மணிநேரம் நீரில் ஊறப்போட்டுப் பிழிந்தால் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு அநேகமாக உறுதி, அதிர்ஷ்டம் இருந்தால் எட்டுக்கால் நுண்விலங்கான டார்டிகிரேடும்.

#14 இறகுத்தூள்

சரி, உயிருள்ளவற்றில் விட்டுவிடுகிறேன். ஆனால் டயாட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி) ஓடு என் கட்சி.

ஓடு என்றதும் ஒன்று. உங்கள் 40 எக்ஸ் நல்லதா என்று சோதிக்க ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற டயாட்டத்தின் ஸ்லைடு ஒன்று தேடுங்கள். அதன் கோடுகள் 10 மைக்ரானுக்குள் சுமார் 20 இருக்கும், அதாவது அரை மைக்ரான் இடைவெளி. சுத்தமான 40/0.65, ஒழுங்காக வைத்த கண்டென்சர், பச்சை ஃபில்டர், ஒளியைக் கொஞ்சம் சாய்வாக விடுதல் எல்லாம் சேர்ந்தால் கோடுகள் பிரிந்து தெரியும். இதில் ஒன்று கெட்டாலும் வெறும் பழுப்பு ஓடுதான்.

#15 பாசிக்குளம்

கண்ணாடிக் கவர் ஸ்லிப், தட்டை ஸ்லைடு, சுத்தமான நுனி, பென்சில் முனை, எல்லாம் ஆயிற்று. 40 எக்ஸ் இப்போது வேறு மைக்ராஸ்கோப் போல இருக்கிறது. கேமரா யோசனையைத் தள்ளிவைத்துவிட்டேன், தாங்கி மட்டும் வாங்குகிறேன். கறுப்புப் பின்னணியில் உயிரிகள் ஒளிரும் படங்களைப் பார்க்கிறேனே, அதற்குத் தனிக் கருவி வேண்டுமா?

#16 அடிவெளிச்சம்

ஒரு கறுப்பு வட்டம் வேண்டும், அவ்வளவுதான். கண்டென்சருக்குக் கீழே ஃபில்டர் தாங்கி இருக்கும். தெளிவான பிளாஸ்டிக் தகட்டின் நடுவில் கறுப்பு அட்டை வட்டம் ஒட்டி அதில் வையுங்கள். அளவு தெரிய, 10 எக்ஸை வைத்து ஐரிஸை முழுக்கத் திறந்து, ஐபீஸ் இல்லாமல் குழாய்க்குள் பாருங்கள். அப்ஜெக்டிவின் ஒளிவட்டம் முழுவதும் கறுப்பாகும் அளவுக்கு, அதைவிட ஒரு பொட்டு பெரிதாக வட்டம் இருக்க வேண்டும். நேர் ஒளி அப்ஜெக்டிவுக்குள் போகக் கூடாது, உயிரியில் பட்டுச் சிதறும் ஒளி மட்டும் போக வேண்டும். 40 எக்ஸுக்கு வட்டமும் பெரிதாக வேண்டும், விளிம்பில் கொஞ்ச ஒளிதான் மிஞ்சும். ஆகவே விளக்கு முழு வெளிச்சம். 100 எக்ஸுக்கு இந்த வழி சரிப்படாது. ஸ்லைடில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் ஒளிரும் என்பதால் ஸ்லைடை நன்றாகத் துடையுங்கள்.

அட்டை வட்டத்தை ஓரமாகத் தள்ளினால் சாய்வொளி. எனக்கு இந்தக் கறுப்புப் பின்னணி முறையான டார்க்ஃபீல்டைவிட அதுதான் பிடிக்கும், உயிரிக்கு ஒரு புடைப்பு வந்துவிடும். கறுப்புக்குப் பதில் நீல வட்டமும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் வைத்தால் ரைன்பெர்க் ஒளியூட்டல். இரண்டு போலரைசர் தகடுகள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) கிடைத்தால் ஒன்றை விளக்கு மேலும் ஒன்றை ஸ்லைடுக்கும் கண்ணுக்கும் இடையிலும் வைத்துக் குறுக்காகத் திருப்புங்கள். ஸ்லைடில் உலரவிட்ட வைட்டமின் சி கரைசலின் படிகங்களை அதில் பார்க்கும் ஆள் அன்றைக்குத் தூங்கமாட்டார்.

எல்இடி இல்லாமல் கண்ணாடி வைத்த மைக்ராஸ்கோப்பில் இதைச் செய்பவர்களுக்கு: கண்ணாடியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. கண் போய்விடும்.

#17 பிக்சல்கணக்கு

படம் போடத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். ‘400 எக்ஸில் எடுத்தது’ என்று கீழே எழுதாதீர்கள். போன் திரையில் ஓர் அளவு, கணினித் திரையில் ஓர் அளவு. அந்த 400-க்குப் பொருளே இல்லை. அளவுகோல் கோடு போடுங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் ஸ்லைடில் 1 மி.மீ.யை 100 ஆகப் பிரித்திருப்பார்கள், ஒரு கோட்டுக்கு 10 மைக்ரான். ஒவ்வொரு அப்ஜெக்டிவுக்கும் அதை ஒரு முறை படம் எடுத்து, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று குறித்துக்கொள்ளுங்கள். போனின் ஜூமை மாற்றினால் கணக்கும் மாறும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் இந்த எண்ணைக் கொடுத்தால் கோட்டை அதுவே போட்டுவிடும்.

ஷார்ப்பனிங்கை ஏற்றும்போது உயிரியைச் சுற்றி ஒரு வெள்ளை ஓரம் தோன்றும். அதைச் செல்சவ்வு என்று நினைத்து ஆள்கள் வாதிட்டதைப் பார்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு கொண்டு ‘தெளிவாக்கும்’ செயலிகள் இன்னும் மோசம், இல்லாத அமைப்பையே வரைந்து வைக்கும். மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

#18 பாசிக்குளம்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மூன்று பழுப்புப் புள்ளிகள். ஸ்லைடை மாற்றினாலும் போகவில்லை.

#19 பழைய கண்ணாடி

பார்த்துக்கொண்டே ஐபீஸைச் சுழற்றுங்கள். புள்ளியும் சுழன்றால் ஐபீஸில். அசையாவிட்டால் கண்டென்சரை லேசாக ஏற்றி இறக்குங்கள். புள்ளி மங்கினாலோ நகர்ந்தாலோ கண்டென்சர் அல்லது விளக்குக் கண்ணாடி. அப்ஜெக்டிவ் மாற்றினால் மறைகிறது என்றால் அந்த அப்ஜெக்டிவ். கண்ணால் பார்க்கும்போது இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது என்றால் போன் லென்ஸைத் துடையுங்கள், பெரும்பாலும் அதுதான்.

#20 பாசிக்குளம்

ஐபீஸோடு இரண்டு சுழல்கின்றன. மூன்றாவது அசையவில்லை, கண்டென்சரை இறக்கினால் மங்குகிறது.

#21 பழைய கண்ணாடி

அப்படியானால் மூன்றாவது விளக்குக் கண்ணாடியில் இருக்கும். ஐபீஸின் மேல் லென்ஸிலிருந்து தொடங்குங்கள், இமை படுவது அங்கேதான். ஊதி, பிறகு டிஷ்யூ. அதற்கும் அசையாத துகள் உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்லைடில் காலியான இடத்தை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்து, இமேஜ்ஜேயில் உங்கள் படத்தை அதனால் வகுத்தால் புள்ளியும் போகும், ஓரத்தின் இருட்டும் போகும். ஐபீஸைச் சுழற்றிவிட்டால் காலிப்படத்தை மறுபடி எடுக்க வேண்டும்.